ஏட்டில் இல்லாத அறை

திங்கட்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், என் அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிர்ச் சந்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒற்றை அறையில் வாயாடி குடியிருக்கிறாள். அண்ணி அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். ஒன்று இரண்டு அல்ல, முப்பது ஊசி. வெள்ளை, கறுப்பு, நீலம் என்று கோத்து, ஒரு பழைய தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வருவார். வாயாடிக்கு அது ஒரு வாரத்துக்குப் போதும். தையற்கடையிலிருந்து வரும் சட்டைகளுக்குப் பட்டன் வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் இப்போது அவள் பிழைப்பு. ஒற்றைக் கண்ணால் தைத்துவிடுகிறாள். நூல் கோக்கத்தான் வருவதில்லை. ஊசியின் காது கிட்டே இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணுக்குப் புரிவதில்லையாம்.

அந்த இன்னொரு கண் போனது எங்கள் வீட்டுப் பின்னறையில். அண்ணி பதிமூன்று வருடம் சோப்புக் காய்ச்சிய அறை அது. அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கண்ணில்தான் வந்து நிற்கிறேன். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் அண்ணன் ஒரு பெரிய சோப்புத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கிறவராக இருந்தார். தொழிற்சாலையை மூடினார்கள். இருபத்திரண்டு வருட உழைப்புக்கு ஒரு சான்றிதழும் ஒரு பெட்டி சோப்பும் கொடுத்தார்கள். அண்ணன் சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, வீட்டுப் பின்னறையில் தானே துணி சோப்புக் காய்ச்ச ஆரம்பித்தார். இரண்டே வருடம். ஒரு நாள் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அண்ணி அழ வேண்டியதை அழுது முடித்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தத் துடுப்பைக் கையில் எடுத்தார். பிள்ளைகள் கிடையாது. நானும் கட்டினவரை இழந்து அண்ணன் வீட்டோடு வந்தவள். இரண்டு பெண்கள் சாப்பிட வேண்டும் அல்லவா.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காஸ்டிக் சோடா என்று வெள்ளைச் சில்லுச் சில்லாக மூட்டையில் வரும். அதைத் தண்ணீரில் போட்டால் அடுப்பே இல்லாமல் சூடேறிப் புகையும். அதை ஆறவைத்து, அடுப்பில் சூடாக்கின எண்ணெயில் ஊற்றி, கை கடுக்கக் கிண்ட வேண்டும். கஞ்சிப் பதம் வந்ததும் மரச் சட்டத்தில் கொட்டி இறுகவிட்டு, மறுநாள் கம்பியால் அறுத்தால் சோப்பு. ஆனால் அந்தச் சில்லு பொல்லாதது. தோலைத் தின்றுவிடும். "சில்லைத்தான் தண்ணியில போடணும், தண்ணியைச் சில்லு மேல ஊத்தக் கூடாது. மேல பட்டா தண்ணி. அரை மணி நேரம் தண்ணி. வேற எதுவும் கிடையாது" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்காகவே வாசல் பக்கம் ஒரு பீப்பாயில் தண்ணீரும் ஒரு குவளையும் எப்போதும் இருக்கும். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றும் ஆணியில் தொங்கியது. அதன் பட்டி அறுந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"உரிமம் வரட்டும், எல்லாத்தையும் புதுசா வாங்கிப் போட்டுடலாம்" என்பார் அண்ணி.

அந்த உரிமத்துக்காக அண்ணி ஏறி இறங்காத படி இல்லை. அண்ணிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் மனு எழுதுவது என் பங்கு. முதல் மேசையில் அறையின் வரைபடம் கேட்டார்கள். கொடுத்தோம். இரண்டாவது மேசையில் தீயணைப்புக்காரர்களின் கடிதம் கேட்டார்கள். மூன்றாவது மேசையில் அக்கம்பக்கத்தாரின் சம்மதம். அதையும் வாங்கிக்கொண்டு நான்காவது மேசைக்குப் போனால், முதலில் கொடுத்த வரைபடத்துக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, "இது செத்துப்போச்சும்மா, புதுசு கொண்டா" என்றார்கள். ஒவ்வொரு மேசையிலும் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கையைப் பார்த்தார்கள்.

ஒன்பதாவது தடவை போனபோது வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூன் பொறுக்க மாட்டாமல் அண்ணியைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்க ஏழு மேசை இருக்கு. ஏழு பேரையும் கவனிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் வித்துடுவீங்க. பேசாம உங்க ஏரியா இன்ஸ்பெக்டரைப் பாருங்க. மாசம் ஒரு தடவை, ஒரே ஆளு. காகிதமே வேண்டாம்."

"அப்போ உரிமம்?"

"உரிமம் இருந்தாலும் அவரைக் கவனிக்கத்தான் வேணும். அப்புறம் அது எதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணி "என்ன பாப்பா செய்யலாம்?" என்றார். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. அண்ணிக்கு நான் இன்னமும் பாப்பாதான். நான்தான் சொன்னேன்: "விடுங்க அண்ணி. கொடுத்துட்டு நிம்மதியா இருப்போம். ஆண்டவனுக்குத் தெரியாததா, நாம யார் குடியையும் கெடுக்கலையே." ஆண்டவன் பெயரை அந்த இடத்தில் நான் இழுத்திருக்கக் கூடாது.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். அந்த இன்ஸ்பெக்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் வாயாடி. கணவன் விட்டுவிட்டுப் போனவள். அண்ணன் காலத்திலிருந்தே எதிர்ச் சந்திலிருந்து வேலைக்கு வருவாள். அவள் வாய் மூடி இருந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அண்ணியை மொதலாளியம்மா என்பாள், என்னைச் சாமியாரம்மா என்பாள். மாதம் ஐந்தாம் தேதி இன்ஸ்பெக்டரின் வண்டிச் சத்தம் கேட்டதும் துடுப்பை நிறுத்துவாள்.

"மொதலாளியம்மா, மாப்பிள்ளை வந்துட்டாரு. நல்ல நாற்காலியை எடுத்துப் போடுங்க. பொண்ணு கொடுக்காமலே மாப்பிள்ளை கிடைச்ச வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"வாயை மூடுடி, காதுல விழப்போகுது."

"விழட்டுமே. வர்ற அஞ்சாம் தேதிக்கு மோதிரம் போடச் சொல்லிக் கேட்டாலும் கேப்பாரு."

அவர் கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும். அண்ணியை அம்மா என்றுதான் கூப்பிடுவார். டீயைக் குடித்துவிட்டு, உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளை மாதிரி யோசனை சொல்லுவார். வாசலில் பலகை மாட்டாதீர்கள் என்றார். தெருப் பக்க ஜன்னலைத் திறக்காதீர்கள், வாசம் போகும் என்றார். சோப்பை மாவு மூட்டையில் போட்டு அனுப்புங்கள் என்றார். கட்டிக்குக் கட்டி அச்சு எதுவும் போட வேண்டாம், பெயர் இருந்தால் தேடி வந்துவிடுவார்கள் என்றார்.

அச்சு விஷயம்தான் அண்ணிக்கு வலித்தது. அண்ணன் இருந்தபோதே ஒரு பித்தளை அச்சு செய்து வைத்திருந்தார்கள். சிட்டுக்குருவி ஒன்று, அதன் கீழே அண்ணியின் பெயர். ஒரு கட்டியில்கூட அது பதிந்ததில்லை. பழைய துணியில் சுற்றி அலமாரியில் கிடந்தது. பெயர் இல்லாத சோப்பைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். ஊரில் உரிமம் உள்ள ஒரு வியாபாரிதான் வாங்கினார். பாதி விலைக்கு வாங்கி, தன் பெயரை அதில் குத்தி, முழு விலைக்கு விற்றார். ஒரு தடவை கடையில் எங்கள் சோப்பையே கடைக்காரர் எங்களிடம் நீட்டி, "நல்லா நுரைக்கும், நம்பி வாங்குங்க" என்றார். அண்ணி அதை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வந்தார். அன்று முழுக்க வாயாடிக்குச் சிரிப்பு. "பெத்த பிள்ளையைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

இரண்டு விடுதிகளிலிருந்து பெரிய வேலை வந்தது. இன்னும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டால் செய்திருக்கலாம். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "வளர்ந்தா வெளியில தெரியும்மா. அப்புறம் எனக்கு மேல இருக்கிறவங்களையும் நீங்க பாக்கணும். இப்படியே அளவா இருங்க." அண்ணி அளவாகவே இருந்தார். வேலை கேட்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். பதிமூன்று வருடமும் மூன்று பேர், ஒரு பீப்பாய், மூடின ஜன்னல். அறுந்த பட்டியோடு அந்தக் கண்ணாடியும் ஆணியிலேயே தொங்கியது.

மாப்பிள்ளை செய்த இன்னொரு காரியம் உண்டு. பின்னறைச் சுவரில் கரிக்கட்டியால் தன் ஃபோன் நம்பரைப் பெரிதாக எழுதிவைத்தார். "எது நடந்தாலும், யாரு வந்தாலும், முதல்ல எனக்குச் சொல்லுங்க. நீங்களா எதுவும் செய்யாதீங்க." நாங்கள் அதை ஒரு காவல் மாதிரி நினைத்தோம். சுவரில் வெள்ளை அடித்தபோதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடித்தோம். அண்ணன் சொன்ன தண்ணீர்ப் பேச்சைச் சுவரில் எழுத எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கண் போன அந்த வருடம், மழைக்காலத்தில் ஒரு நாள் மாப்பிள்ளை தேதி தவறி வந்தார். வெளியூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சோதனைக்கு வருகிறாராம். "ஒரு வாரத்துக்கு எல்லாத்தையும் ஒளிச்சு வைங்க. டின்னு, சட்டம், மூட்டை, எதுவும் கண்ணுல படக் கூடாது." சட்டங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். எண்ணெய் டின்களுக்கு மேல் பாயை விரித்து அண்ணி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வாய் பிரித்த காஸ்டிக் மூட்டை ஒன்று மிஞ்சியது. வைக்க வேறு இடமே இல்லை. குளியலறை மூலையில் வைத்து, மேலே துவைக்காத துணிகளைப் போட்டு மூடினோம். பெரிய அதிகாரி எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. வேறெங்கேயோ டீ குடித்துவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் மூட்டை ஆறு நாள் ஈரத்தைக் குடித்துவிட்டது. வெளியே எடுத்தபோது சில்லு சில்லாக இல்லை, ஒரே பாறை.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஒரு வார வேலை போய்விட்டதே என்று யாருக்கும் மனசு வரவில்லை. அன்று காலை அண்ணி வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தார். வாயாடி சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நகம் அளவுக்கு உடைக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சாமியாரம்மா, கையெல்லாம் விட்டுப்போச்சு. இந்தப் பெரிய துண்டை அப்படியே போட்டுடறேன், உள்ள போய்க் கரையட்டும்."

"பாத்துப் போடு" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டு விழுந்ததும் தண்ணீர் குமுறிக்கொண்டு மேலே எழும்பியது. நான் திரும்பிப் பார்த்தபோது வாயாடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் கிடந்தாள். வலது கண். நான் ஓடிப் போய்ப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை ஊற்றினேன். இன்னொன்று. இன்னொன்று. அவள் அலறிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் நிமிர்ந்தேன். எதிரே சுவரில் அந்த நம்பர்.

"ஃபோன் பண்ணு, ஃபோன் பண்ணு" என்று அவளும் கத்தினாள்.

குவளையைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை பதறவில்லை. "அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. அங்க போனா எங்க, எப்படின்னு எழுதுவாங்க. போலீஸ் வரும். உங்க அண்ணி உள்ள போகணும். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நான் பேசிட்டுக் கூப்பிடறேன். ஃபோன் பக்கத்துலயே இருங்க" என்றார். இருந்தேன். பின்னறையில் அவள் அனத்திக்கொண்டிருந்தது கேட்டது. நான் ஜபம் சொல்லிக்கொண்டு ஃபோன் பக்கத்தில் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆனதையும் பார்த்தேன். பத்தடி தூரத்தில் பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது.

அந்த டாக்டர் ஊரின் மறுகோடியில் இருந்தார். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தபடி, வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறித்துவிட்டது என்று சொன்னேன். அவர் மேலாகக் கழுவி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். மாலையில் அண்ணி வந்து கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் தண்ணி ஊத்தினே?" என்பதுதான். "நிறைய ஊத்தினேன் அண்ணி" என்றேன். நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

மூன்றாம் நாள் வலி தாங்காமல் அண்ணியே அவளை ஆட்டோவில் ஏற்றி அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யார் வந்தாலும் வரட்டும் என்றுவிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"இதை யாரும்மா கட்டினது? என்ன பட்டுச்சு, உண்மையைச் சொல்லுங்க."

"காஸ்டிக் சோடா. என் சோப்பு அறையில" என்றார் அண்ணி.

"பட்ட உடனே அரை மணி நேரம் தண்ணி விட்டிருந்தா இந்தக் கண்ணைக் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம். ஏன் வரலை? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வேலை செய்யும் இடத்தில் கண் போனால் தொழிலாளர் அலுவலகத்தில் உதவித்தொகை உண்டு, உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னார். அண்ணி மறுநாளே அறையின் அடுப்பை இடித்துவிட்டார். அதோடு வேறு ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். பதிமூன்று வருடம் அந்த அறையை மறைத்தவர், அப்படி ஓர் அறை இருந்தது என்று நிரூபிக்கக் கிளம்பினார். வாயாடிக்கு அந்தத் தொகை வந்துவிட வேண்டும், அதற்காகத் தன்னைச் சிறையில் போட்டாலும் சரி. நான் மனு எழுதினேன். "என் அறையில்தான் நடந்தது, குற்றம் என்னுடையது" என்று அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன்.

தொழிலாளர் அலுவலகத்து எழுத்தர் பெரிய பதிவேட்டைப் புரட்டினார். எங்கள் தெரு வந்தது. கதவு எண் வந்தது. குடியிருப்பு என்று போட்டிருந்தது.

"இந்த விலாசத்துல தொழிற்கூடமே இல்லையேம்மா."

"இருக்குதுங்க. நான்தான் நடத்தினேன்."

"ஏட்டுல இல்லாத அறையில கண் எப்படிம்மா போகும்? அந்தம்மா வேலை செஞ்சாங்கன்னு சம்பளச் சீட்டு இருக்கா? சோப்புல உங்க பேரு இருக்கா? வித்ததுக்கு ரசீது?"

எதுவும் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தானே. நாங்கள் பயந்த போலீஸ்கூட வரவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் காஸ்டிக் பட்டது என்று மட்டும்தான் இருந்தது.

அண்ணி வியாபாரியிடம் போனார். "நான் விக்கிறது என் சொந்தத் தொழிற்சாலைச் சோப்புதான்மா" என்றார் அவர். அவருக்குத் தொழிற்சாலையே கிடையாது. கடைசியில் அண்ணி மாப்பிள்ளையைப் பார்க்க அவர் அலுவலகத்துக்கே போனார். நானும் கூட இருந்தேன். அங்கே எங்களுக்கு நாற்காலி போடவில்லை.

"தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அறை இருந்துச்சு, நான் பாத்திருக்கேன்னு. வேற எதையும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எந்த அறைம்மா?" என்றார் அவர்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூத்தம்பது தடவை வந்து டீ குடிச்ச அறை" என்றார் மெதுவாக.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியலைம்மா. வேலை நிறைய இருக்கு."

அவருக்கு மேலே இருந்த அதிகாரி கொஞ்சம் ஈரம் உள்ளவர். அண்ணியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "நீங்க வந்து பாருங்க ஐயா, சுவத்துல எண்ணெய்க் கறை இருக்கு, தரையை காஸ்டிக் தின்னிருக்கு" என்று அண்ணி கெஞ்சினார். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் வந்து பாத்தா, பதிமூணு வருஷமா எங்க ஆபீஸ் பாக்கலைன்னு நானே எழுதணும். அது என்னால ஆகாதும்மா. மன்னிச்சுடுங்க."

அன்று திரும்பி வந்ததும் அண்ணி அலமாரியைத் திறந்து அந்தப் பித்தளை அச்சை எடுத்தார். இடித்த அடுப்புக்குப் பதில் முற்றத்தில் மூன்று கல்லை வைத்தார். புதுக் கண்ணாடி இரண்டு வாங்கி வந்து, ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். தெரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு காய்ச்சல் காய்ச்சினோம். அறுத்த ஒவ்வொரு கட்டியிலும் அண்ணி குருவியைப் பதித்தார். அழகாகத்தான் விழுந்தது. பெயருக்குக் கீழே கதவு எண்ணையும் ஆணியால் கீறினார். வாசல் படியில் கட்டிகளை அடுக்கி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தார்.

"யாராவது வந்து பிடிக்கட்டும் பாப்பா. பிடிச்சா எழுதித்தானே ஆகணும். எழுதினா அறை இருந்ததா ஆயிடும்."

ஐந்தாம் தேதி ஒருவர் வந்தார். மாப்பிள்ளை மாற்றலாகிப் போய், அவர் இடத்துக்கு வந்த புது இன்ஸ்பெக்டர். அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஓர் இன்ஸ்பெக்டரைக் கண்டு அந்த முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"வாங்க தம்பி. உரிமம் இல்லாமத்தான் காய்ச்சறேன். பதிமூணு வருஷமா. எழுதிக்குங்க."

அவர் ஒரு கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "என்னம்மா இது, இப்படி வெளியில வச்சுக்கிட்டு. இந்தப் பேரு, நம்பர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. முன்ன எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. பழையவரு எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

"அவருக்கு என்னைத் தெரியாதுன்னாரே."

அவர் சிரித்தார்.

"என் மேல கேஸ் எழுதுங்க தம்பி. கையெழுத்துப் போடறேன். உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எழுதினா உங்களுக்குத்தான் தண்டனை."

"அதைத்தான் கேக்கறேன்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கட்டியை மட்டும் கையோடு கொண்டுபோனார்.

அதற்கப்புறம் அண்ணி சோப்புக் காய்ச்சவில்லை. பின்னறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு வயசாளித் தம்பதி இருக்கிறார்கள். ஜன்னலில் துணி காயப்போடுகிறார்கள். வாடகையில் பாதி எதிர்ச் சந்துக்குப் போகிறது. வாயாடி முதலில் வாங்க மாட்டேன் என்றாள். "உதவித்தொகை வந்திருக்குடி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்று அண்ணி ஒரு பழைய நோட்டை நீட்டினார். அவளும் ஒன்றும் தெரியாதவள்போல் கையெழுத்துப் போட்டாள். மாதாமாதம் போடுகிறாள்.

போன திங்கட்கிழமை அண்ணிக்குக் காய்ச்சல். ஊசி கோக்க நான் போனேன். இந்த நாலு வருடத்தில் நான் தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. வாயாடி ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வலது பக்கம் உட்கார்ந்தால் நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதனால் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சாமியாரம்மா, மொதலாளியம்மா ஆளை அனுப்பிட்டாங்களா? கூலி கேக்காதீங்க, என்கிட்ட இல்லை."

ஏழெட்டு ஊசி கோத்தேன். கை நின்றுவிட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தண்ணி அரை மணி நேரம் ஊத்தணும்னு எனக்குத் தெரியும். அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்காரு. மூணே குவளைதான் ஊத்தினேன். இருபது நிமிஷம் ஃபோன் பக்கத்துல நின்னேன். நின்னு ஜபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அவள் பட்டனை நாலு தடவை குத்தி எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்" என்றாள். "உங்க அண்ணன் எனக்கும்தான் சொல்லியிருக்காரு. நானும்தானே ஃபோன் பண்ணுன்னு கத்தினேன். கண்ணு எரியுது, கையெட்டுற தூரத்துல தண்ணி இருக்கு. எனக்கு அப்போ தண்ணி ஞாபகம் வரலை. அந்தாளு ஞாபகம்தான் வந்துச்சு." சட்டையை நீவிவிட்டாள். "பதிமூணு வருஷமா அவரு பழக்கினது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அது பிடிக்காது.

"அழுதா ஊசிக் காது தெரியாது. இருக்கிற மூணு கண்ணுல ரெண்டு உங்ககிட்டதான் இருக்கு, அதையும் கெடுத்துக்காதீங்க. கறுப்பு நூல் இன்னும் பத்து கோத்துக் கொடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோத்தேன். ஆண்டவனிடம் நான் இப்போதெல்லாம் வேறு எதுவும் கேட்பதில்லை. அந்தக் குவளையைக் கீழே வைத்த நிமிடத்தை மட்டும் கேட்கிறேன். கொடுக்க முடியாததைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. முப்பதாவது ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு எழுந்தபோது, வாயாடி விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள்.

"சரியா இருக்கு" என்றாள். "மொதலாளியம்மாவுக்குக் காய்ச்சல் விடலைன்னா, அடுத்த வாரமும் நீங்களே வாங்க."